ஜன்னல் வெயிலில் ஒரு குப்பி

என் மகள் பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனிக்கு இப்போது பதினொரு வயது. நடக்கும்போது இடது கால் ஒரு நொடி பிந்தி வரும். வாய்ப்பாட்டில் ஏழைத் தாண்டினால் தடுமாறுவாள். வாய் மட்டும் ஓய்வதில்லை. பாறசாலைப் பக்கத்தில் எங்கள் சபைக்காரர்கள் சிலர் இன்றும் என்னை வழியில் நிறுத்தி, "அந்தக் குப்பிக் காரியத்த இன்னும் ஒருக்கச் சொல்லும்" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். நான் சைக்கிளின் மணியைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன். சபையில் எழுந்து நின்று திருத்திச் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. முதலில் சொன்னதைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாலராமபுரத்தில் ஒரு நெசவாளர் நூல் சங்கத்தில் குமாஸ்தா வேலை எனக்கு. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதன். சைக்கிளில் போகும்போது ஒரு வரி வரும், இறங்கி நின்று எழுதுவேன், அதற்குள் காலை வண்டி பாறசாலை ஸ்டேஷனை விட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஜெபம் செய்யச் சொன்னால் என் வாயில் ஆறும் காற்றும் நட்சத்திரமும் வரிசையாக வரும். கிழவிகள் அழுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜெனிக்கு ஏழு வயதில் காலையில் வாந்தி வந்தது. எழுந்ததும் தலைவலி என்பாள், வாந்தி எடுப்பாள், பத்து மணிக்குள் தெளிந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போக மடி, சோம்பல் என்று நினைத்தேன். ஒரு நாள் கையில் கிடைத்த ஸ்கேலால் அடித்தேன். பிறகு அவள் நடை கோணியது. முற்றத்தில் அகலமாகக் கால் வைத்து ஆடி ஆடி வந்தாள். "மக்கா, எந்தக் கள்ளுஷாப்புல ஏறிட்டு வாறே?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். என் மனைவி ஞானம் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டர் சின்ன விளக்கால் ஜெனியின் கண்ணுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னைக்கே திருவனந்தபுரம் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறோம்னு சொல்லாதீங்க" என்றார்.

அவர் கண்ணில் பார்த்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. மூளையைச் சுற்றி எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் கட்டி வந்து அடைத்தால் நீர் தேங்கும், மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் கண் நரம்பின் வேரை நெருக்கும், நரம்பு வீங்கும். நெடுநாள் நெருக்கினால் நரம்பு செத்துவிடும். பிறகு கட்டியை எடுத்தாலும் அந்த வெளிச்சம் திரும்பி வராது.

ஸ்கேன் படத்தை ஜன்னலோரம் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எங்களுக்குக் காட்டினார். பின்மூளையில், உடம்பு விழாமல் நிற்கப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை. மெடுல்லோபிளாஸ்டோமா என்று சந்தேகம் என்றார். பிள்ளைகளுக்கு வருகிற மூளைக்கட்டிகளில் வேகமாக வளர்வது. அறுத்து எடுக்க வேண்டும், பிறகு கதிர் சிகிச்சை, பிறகு மருந்து. ஞானம் அந்தப் பெயரை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தரச் சொன்னாள். வராந்தாவில் உட்கார்ந்து மனப்பாட வசனம்போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பேரு தெரியாம எப்பிடி ஜெபிக்க?" என்றாள்.

வார்டில் அடுத்த கட்டிலில் அஞ்சு என்றொரு சிறுமி. ஐந்து வயது. கொல்லயில் என்பது ஊர்ப்பெயர். அப்பா சசி பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவளுக்கும் பின்மூளையில்தான், கொஞ்சம் சிறியது. ஜாதி, மதம், பஞ்சாயத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு குடும்பமும் ஒரே பாயில் சாப்பிட்டோம். சசி இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போய் எங்கள் வீட்டு உடுப்பையும் சேர்த்துத் துவைத்து எடுத்துவருவான், மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவருவான். ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கும்போது, "அண்ணே, ஒங்க சொர்க்கத்துல எடம் கிடைக்க இத்தற சீட்டு வேண்டாம்லா?" என்பான். வரிசை முழுவதும் சிரிக்கும்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் ஸ்ரீலதா வந்தார். அதியன்னூர்க்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கட்டியில் ஒரு துண்டு தனக்கு வேண்டும், அதற்கு எங்கள் சம்மதம் வேண்டும் என்றார்.

"எதுக்காக்கும்?" என்றாள் ஞானம்.

"வளர்க்கிறதுக்கு."

"நாங்க அது சாவணும்னு ஜெபிச்சிட்டு இருக்கியோம். நீங்க வளத்தப் போறியளா?"

ஸ்ரீலதா சிரித்துவிட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா, உயிரோட இருந்தாத்தானே எந்த மருந்து அதைக் கொல்லும்னு பாக்க முடியும்? செத்துப்போனதுக்கு மருந்து ஊத்தினா மருந்தைப் பத்தி என்ன தெரியும், சொல்லுங்க."

துண்டைப் பொடியாக நறுக்கி, நம் உடம்பின் சூட்டிலேயே இருக்கிற பெட்டிக்குள் வைத்து, சத்துநீர் கொடுத்து வளர்ப்பாராம். பெருகியதும், இட்லித்தட்டு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பங்கிடுவார். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்து, ஒவ்வொரு அளவு. சில நாள் கழித்து எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் சாயம். உயிரோடிருக்கிற செல்கள் அந்த மஞ்சளை ஊதாவாக்கும். மருந்து ஜெயித்த குழியில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

"பெரியவங்களோட கட்டியில பாத்து வச்ச மருந்தைத்தான் பிள்ளைகளுக்கும் அளவு குறைச்சுக் கொடுத்திட்டு வாறோம். பிள்ளைகளோட கட்டி வேற தினுசு. அதுல பாத்தவங்க குறைவு" என்றார். "ஒண்ணு சொல்லணும். இதை வச்சு ஜெனியோட சிகிச்சையை மாத்த மாட்டோம். இது பின்னால வர்ற பிள்ளைகளுக்கு."

நான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் வருகிற பிள்ளைகள் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் அஞ்சு கால்மாட்டில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்குத் தெரியும், குப்பி சுமப்பது கூட இருக்கிறவன் வேலை. ரத்தம், மூத்திரம், சளி எல்லாம் நம் கையில்தான் லேபுக்குப் போகும். ஆபரேஷன் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தியேட்டர் கதவு திறந்தது. கட்டியை எடுத்தாகிவிட்டது, மண்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்ன நர்ஸ் என்னிடம் இரண்டைத் தந்தார். ஃபார்மலின் ஊற்றிய குப்பி, நோயின் பெயரை உறுதி செய்ய, கீழ்த்தளத்துக்கு. ரோஜா நிறத் திரவத்தில் மிதந்த துண்டுள்ள சின்னக் குப்பி, ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில், ஸ்ரீலதாவுக்கு. "எங்கயும் நிக்கப்பிடாது. அரை மணிக்கூறுக்குள்ள சேரணும்" என்றார். ஞானம் தியேட்டர் வாசலிலேயே இருந்தாள்.

வழியில், ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில், ஒரு சபையின் பக்கத்து அறையில் எங்கள் உபதேசியாரும் ஊரிலிருந்து வந்த நான்கு பெண்களும் காலைமுதல் உபவாசமாக உட்கார்ந்திருந்தார்கள். சேதி சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ஏறினேன். கட்டியை எடுத்துவிட்டார்கள் என்றதும் பெண்கள் அழுதார்கள். ஒருத்தி பிளாஸ்க்கைப் பார்த்து, "இதுக்குள்ளயா இருக்கு, அந்தச் சாத்தான்?" என்றாள்.

நான் மூடியைத் திருகினேன்.

உபதேசியார், "எலே தாசு, எடுக்கலாமா அத?" என்றார்.

"ஒரு நிமிஷம் உபதேசியாரே."

குப்பியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். ஜெபம் செய்தது நான். வேறு யாருமில்லை, நான்தான். அதை வாட வை என்றேன். அத்திமரத்தைச் சொன்னேன், காய்ந்த ஆற்றைச் சொன்னேன், சாம்பலைச் சொன்னேன். ஒரு வார்த்தை அடுத்த வார்த்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது. கண்ணை மூடியிருந்தேன். பெண்களின் விம்மல் ஏற ஏற என் குரலும் ஏறியது. மகள் மண்டை திறந்து கிடந்த அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது. கண் திறந்தபோது ஜன்னல் வெயில் மேசைமேல் நகர்ந்து வந்து குப்பிக்குள் நின்றது. தொட்டேன். டீ கிளாஸ்போலச் சுட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

ஸ்ரீலதா ஆய்வுக்கூடத்தின் வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தார். "இத்தற நேரம் எங்க போனீங்க?"

"வழியில ஜாதை" என்றேன். "ரோட்ட அடைச்சுப்போட்டாங்க."

கொடியும் கோஷமுமாக ஊர்வலம் போகாத நாள் அந்த நகரத்தில் இல்லை. யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் அது. அன்றைக்கும் எங்காவது ஒன்று போயிருக்கலாம். நான் பார்க்கவில்லை. அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரோஜா நிறம் மங்கி மஞ்சளடித்திருந்தது. "பாக்கலாம்" என்று உள்ளே ஓடினார்.

ஜெனிக்கு நினைவு திரும்பியது. முதலில் அவள் கேட்டது பப்படம். மூன்று நாள் பேச்சு குழறியது, பிறகு தெளிந்தது. அறுவையில் தெரிந்தவரை கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார் டாக்டர். கீழ்த்தளத்து அறிக்கையும் அதே பெயரைத்தான் சொன்னது. எட்டாம் நாள் ஸ்ரீலதா வார்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"வளரல்ல. ஒரு செல்லுகூட ஒட்டல்ல. எல்லாம் செத்துப்போச்சு."

"செத்துப்போச்சா?" ஞானம் எழுந்து நின்றுவிட்டாள். "ஸ்தோத்திரம் கர்த்தாவே!"

ஸ்ரீலதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஞானம் ஜெனியைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் சொல்லாமல் போய்விட்டார். நானும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஜெபத்தில் அந்தக் குப்பி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். வெயில் இருந்தது என்று தெரியாது.

கதிர் சிகிச்சைக்கு முன் காயம் ஆற இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் ஊர் சேருமுன்பே சேதி சேர்ந்திருந்தது. கட்டி குப்பிக்குள்ளேயே வாடியது, பெரிய லேபுகாரர்களாலும் அதை உயிர்ப்பிக்க முடியவில்லை. சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். சுகம் கிடைத்தவர் எழுந்து நின்று சொல்வது எங்கள் வழக்கம். உபதேசியார் வீட்டுக்கு வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், பேச்சும் தபால்காரர் பேச்சுதான், அளந்து தருவார்.

"கண்டத மட்டும் சொல்லும், கேட்டீரா. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்." போகத் திரும்பியவர் நின்றார். "அண்ணைக்கு அந்தக் குப்பி வெயில்ல இருந்துதே. அதுனால ஒண்ணும்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல உபதேசியாரே."

மைக் வைத்திருந்தார்கள். ஜெனி முன்வரிசையில் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். வெயிலை விட்டுவிட்டேன், ஜாதையை விட்டுவிட்டேன், ஐஸை விட்டுவிட்டேன். விட்டுவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது எவ்வளவு அழகாக இருந்தது! மருந்து தொடாத கட்டி ஜெபம் தொட்டு வாடியது என்றேன். ஆலயத்து ஓடுகள் அதிர்ந்தன. அப்போது வாசல் பக்கம் சசியைப் பார்த்தேன். ஜெனியைப் பார்க்க ஆரஞ்சுப் பொதியோடு வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான். தோளில் அஞ்சு. ஆபரேஷனுக்கு இடம் கிடைக்க இரண்டு வாரத்துக்குமேல் ஆகும் என்று, வீக்கம் குறைய மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கண் நரம்பு வீங்கத் தொடங்கியிருக்கிறது, தேதி தவறக் கூடாது என்று டாக்டர் அவனிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். சசி புறங்கையால் கண்ணைத் துடைத்தான். பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேசி முடித்தேன்.

கதிர் சிகிச்சை ஆறு வாரம். முகத்துக்கு அச்செடுத்து ஒரு மூடி செய்தார்கள், தலை அசையாதிருக்க. கனத்த கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். பிள்ளை உள்ளே தனியாக. ஞானம் கதவுக்கு வெளியே நின்று சத்தமாகப் பாடுவாள். உள்ளே கேட்காது என்று சொன்னார்கள். "கேக்காட்டி கேக்கண்டாம்" என்று பாடுவாள்.

மூன்றாம் நாள் வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "கொல்லயில் பிள்ளைக்கு நேத்து டேட். வரல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல்லியே" என்றேன்.

தெரியும். ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள், சசி ஆட்டோவை ஓட்டாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெபவீடு ஜெபவீடாகப் போகிறான் என்று. மாலை வண்டியில் திரும்பும்போது, இறங்கியதும் கொல்லயிலுக்குப் போய்விட வேண்டும் என்று நினைப்பேன். இறங்கியதும் ஜெனி களைத்திருக்கிறாள் என்று நினைப்பேன். மறுநாளும் அப்படி. இப்படியே மூன்று வாரம். ஸ்டாண்டில் சசியின் ஆட்டோ நிற்கும் இடம் காலியாகக் கிடக்கும். நான் மறுபக்கத்து வழியாக நடந்தேன்.

ஒரு நாள் கதிர் அறை வாசலில் ஸ்ரீலதா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"என் சீரத்துல ஏதோ கேடு." சீரம் என்பது கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கிற தெளிநீர், செல்களுக்கு அதுதான் சாப்பாடு என்று முன்பே சொல்லியிருந்தார். "அதை மாத்திப் பாத்தேன். பெட்டியோட சூட்டைத் தினமும் அளந்தேன். குப்பியெல்லாம் திரும்பக் கழுவிச் சுட்டெடுத்தேன். ஒரு மாசமா வேற வேலையே நடக்கல்ல. காரணம் கிடைக்கல்ல. உங்க பிள்ளை தலையிலருந்து எடுத்த ஒண்ணை நான் வீணாக்கிட்டேன், கேட்டோ. தூங்க முடியல்ல."

அப்போதுதான் சொன்னேன். அறை, மேசை, வெயில். அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எத்தற நேரம் ஐஸுக்கு வெளியில? சரியா சொல்லுங்க."

"ஒண்ணேகால் மணிக்கூறு இருக்கும்."

"வெயில்ல?"

"அதுல பாதி."

உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "காரணம் தெரியல்லன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மாத்தணும்." பிறகு, "கொல்லயில் பிள்ளை ஏன் வரல்ல? அவளோட துண்டுக்குன்னு புது சீரம் வாங்கி வச்சேன்."

சாட்சியையும் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். குரல் உயரவில்லை. "இதையெல்லாம் எங்கிட்ட உட்கார்ந்து சொல்லிட்டிருக்கீங்களே, கொல்லயிலுக்கு பஸ் இல்லியா?"

பஸ் இருந்தது. அன்று மாலையே போனேன். சசியின் முற்றத்தில் ஆட்டோ தார்ப்பாய் மூடி நின்றது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வருவியன்னு சொன்னேன்லா! நம்ம அண்ணன் வந்து ஒருக்க ஜெபிச்சா மதின்னு நேத்துகூட இவகிட்டச் சொன்னேன்."

அஞ்சு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கை தண்ணீர் டம்ளருக்கு ஒரு சாண் இப்புறம் துழாவியது. அம்மா டம்ளரை அந்தக் கைக்கு நகர்த்திவைத்தாள், அது வழக்கமாகிவிட்டதுபோல.

சொன்னேன். முதல் தடவை சொன்னது அவனுக்கு ஏறவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது சிரித்தான்.

"ஒங்க பிள்ளை எழும்பி நடந்தாச்சு. இப்ப எனக்கிட்ட வந்து அது அற்புதமில்ல, வெயிலாக்கும்னு சொல்லுகியளா?"

"வெயில்தான் சசி. நான் மறைச்சேன்."

"அண்ணைக்கு மைக்குல என்னா பேச்சு பேசினிய! எனக்க மயிரெல்லாம் எழும்பிச்சு. இப்ப வாய்க்குள்ள முணுமுணுக்கிய. நான் எத நம்பட்டும் சாரே?"

அதுவரை அவன் என்னை சார் என்றதில்லை.

"டாக்டர் தேதி குடுத்தாரு. தேதிய விட்டுட்டு நான் ஒங்க வார்த்தையப் பிடிச்சேன்" என்றான். "மைக்குல சொல்லும். எல்லாரும் கேக்கச் சொல்லும். அப்ப நம்புகேன்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ சசி. ஞாயிறு வரைக்கும் காக்காதே."

"ஞாயிறு வரைக்கும் நீரு சொல்லாம இருந்தா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று வியாழன். வெள்ளியும் சனியும் அவன் போகவில்லை. வீட்டில் ஞானத்திடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "எனக்கிட்டயும் மறைச்சுப்போட்டியளே" என்றாள். சனிக்கிழமை முழுவதும் ஒரு பை கட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீர் பிளாஸ்க், சோப்பு, இரண்டு விரிப்பு, பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கக் கிண்ணம். ஆஸ்பத்திரியில் எதெது வேண்டும் என்று தெரிந்த கை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் மைக்கைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தார். சசி வாசலில் நின்றான். அலங்காரமாக ஒரு சொல்லும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் விழுங்கினேன். குப்பியை ஐஸிலிருந்து எடுத்தது நான், வெயிலில் வைத்தது நான், பொய் சொன்னது நான், செத்தது வெயிலில் என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "இரியும் ஓய்! பிசாசு பிடிச்சிருக்கு இவன" என்றார். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். உபதேசியார் எழுந்து, "அந்த அறையில நானும் இருந்தேன். வெயில நானும் கண்டேன். கண்டும் பேசாம இருந்தேன்" என்றார். உட்கார்ந்தார்.

நான் வாசலைப் பார்த்தபோது சசி இல்லை. வெளியே ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஞானம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை அஞ்சுவைச் சேர்த்தார்கள். புதன்கிழமை ஆபரேஷன். கட்டி வளர்ந்திருந்தது. ஆனாலும் எடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தாள். அவளுடைய துண்டை ஸ்ரீலதாவே தியேட்டர் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார். அது வளர்ந்தது. ஒரு மாதம் கழித்து என்னையும் சசியையும் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டினார். வரிசை வரிசையாக ஊதா. ஒரே ஒரு மருந்தின் வரிசையில் மட்டும், அளவு ஏற ஏற ஊதா வெளுத்து, கடைசி மூன்று குழிகள் சுத்த மஞ்சள். "இது கண்ணாடிக்குள்ள. பிள்ளைக்குள்ள இப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. இன்னும் எத்தனையோ பிள்ளைகளோடதைப் பாக்கணும்" என்றார். சசி குனிந்து வெகுநேரம் பார்த்தான். "நல்ல கலரு" என்றான். "அஞ்சுவுக்கு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் கண் திரும்பவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். தேதி தவறாமல் வந்திருந்தால் பார்வை நின்றிருக்குமா என்று டாக்டரிடம் ஒருமுறை தனியாகக் கேட்டேன். "நின்றிருக்கலாம்" என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். பல தடவை எங்களுக்கும் சசிக்கும் வேறுவேறு நாளாக அமைந்தது. போன வருஷம் ஒரே நாளாகிவிட்டது. காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெஞ்சில் சசியும் அஞ்சுவும். நான் தூணோரம் நின்றேன். ஜெனி போய் அவள் கையைப் பிடித்துவிட்டாள். சசி என்னைப் பார்த்தான், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நான் போய் உட்கார்ந்தேன்.

"ஆரு?" என்றாள் அஞ்சு.

"எனக்க அப்பா" என்றாள் ஜெனி.

"மைக்குல பேசின மாமனா?" அஞ்சுவின் முகம் என் பக்கம் திரும்பியது, என் கண்ணுக்கு அல்ல, காதுக்கு நேராக. "ஜெனிக்குப் பேசினதுபோல எனக்கும் ஒருக்கப் பேசுவியளா மாமா? கண்ணு வரட்டு."

கூடத்தில் டோக்கன் எண் கூப்பிட்டார்கள். எங்களுடையது இல்லை.

"அண்ணைக்கு நான் சொன்னது பொய் மக்கா" என்றேன். "நான் பேசினா கண்ணு வராது."

அவள் யோசித்தாள். "பொய்னு அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு அப்பா நீங்கி இருந்து ஒங்களுக்கு எடம் குடுத்தாரு?"

சசி மடியிலிருந்த சீட்டை விரித்து, மடித்து, மறுபடி விரித்தான். டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.